முப்பது பௌர்ணமி உள்ள மாதம்

திருவண்ணாமலையில் மாதத்துக்கு முப்பது பௌர்ணமி வருகிறது என்பது எனக்குத் தெரியாமலேயே இருந்தது. பத்து வருடமாகக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். என் கண்ணில் பட்டதெல்லாம் மாதத்துக்கு ஒன்றுதான். மீதி இருபத்தொன்பதை ஜிஎஸ்டி ஆபீசில் ஒருவர் கண்டுபிடித்தார்.

அவர் ஆராய்ச்சிக்கு வந்தது சித்ரா பௌர்ணமி அன்று. கூடவே ஓர் உதவியாளர். மத்தியானத்திலிருந்து மூலை மேசையில் உட்கார்ந்து, எத்தனை தட்டு போகிறது, எத்தனை தட்டு வருகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். மலை சுற்ற வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. பார்க்கட்டும், நம் கடைக்கு இவ்வளவு பெயர் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. இரண்டு பேரும் பொங்கல் சாப்பிட்டார்கள், காசும் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மறுநாள் வந்திருந்தால் கடையில் நானும் தெரு நாயும் மட்டும் இருந்திருப்போம்.

சில மாதம் கழித்து நோட்டீஸ். அந்த ஒரு நாள் வியாபாரத்தை வருடத்தின் எல்லா நாளாலும் பெருக்கி, மறைத்த விற்பனை இவ்வளவு என்று போட்டிருந்தது. அதோடு நிற்காமல் பழைய வருடங்களுக்கும் போய், கொரோனாவுக்காகக் கிரிவலத்தையே தடை செய்திருந்த மாதங்களையும் சேர்த்திருந்தார்கள். அந்த மாதங்களில் பாதையில் ஆளே கிடையாது. மலைக்குத்தான் இட்லி விற்றேன் போலிருக்கிறது.

கடைசியில், நேரில் வந்து விளக்கம் சொல்ல ஒரு தேதி. கார்த்திகை தீபத்தன்று, காலை பதினொன்று.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். சிரித்தேன். தீபத்தன்று மாவட்டத்துக்கே விடுமுறை. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கார்த்திகை பிறந்தாலே எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் ஒரே பதில்தான்: தீபம் கழிச்சுப் பார்த்துக்கலாம். கடன்காரன்கூட அதற்குக் கட்டுப்படுவான். ஆடிட்டருக்குப் போன் போட்டேன். அவரும் இந்த ஊர்க்காரர், அவரும் சிரித்தார். அன்றைக்கு ஆபீசே திறக்காது, அவர்களே வேறு தேதி கொடுப்பார்கள் என்றார். இரண்டு பேரும் நிம்மதியாக மலையில் தீபம் பார்த்துக் கும்பிட்டோம்.

வேறு தேதி வரவில்லை. ஆர்டர்தான் வந்தது. அதுவும் என் கைக்கு இல்லை, கம்ப்யூட்டரில் எந்த மூலையிலோ ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் மளிகைக் கடையில் உளுந்து வாங்கிவிட்டுப் போனில் பணம் அனுப்பினால் போகவில்லை. பேங்குக்கு ஓடினேன். வரி ஆபீஸ் கடிதம் கொடுத்துக் கணக்கை முடக்கிவிட்டது என்றார்கள். ஆடிட்டர் ஆர்டரைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். வாய்ப்பு கொடுத்தும் வணிகர் ஆஜராகவில்லை, எனவே அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதப்படுகிறதாம். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம்! என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாம்.

உளுந்து இல்லாமல் பௌர்ணமி இல்லை, பௌர்ணமி இல்லாமல் என் கடை இல்லை. மற்ற நாளெல்லாம் கடை திறந்திருப்பதே அந்த ஒரு நாளை நம்பித்தான். வேலைக்கு மூன்று பெண்கள். மாவு பார்க்கிறவள் முதல் நாளிலிருந்து என்னோடு இருந்தவள். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல், கடை மூடியாச்சு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மூன்று பேருக்கும் வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் என் பூட்டிய கடை வாசலில் நிழலாக இருக்கிறதென்று உட்கார்ந்து, எதிர்க் கடையில் வாங்கிய இட்லியைச் சாப்பிட்டார்கள்.

ஹைகோர்ட்டில் ரிட் போட்டோம். விசாரணை நாளில் சென்னைக்குப் பஸ் ஏறிப் போய், கடைசி வரிசையில் நின்றேன். அரசு வக்கீல் வாய்ப்பு கொடுத்தோம் என்றார். என் வக்கீல் தேதியைச் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அன்னைக்குத் திருவண்ணாமலைல எந்த ஆபீஸ் திறந்திருந்தது?"

அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். ஆர்டர் ரத்து, பேங்க் முடக்கம் நீக்கம், நேரில் கேட்டுப் புது ஆர்டர் போட வேண்டும் என்று தீர்ப்பு. கேட்ட வரியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் முதலில் கட்டிவிட வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன்பணம். தோட்டை அடகு வைத்துக் கட்டினேன்.

ஆபீசில் அதே அதிகாரி. சிலிண்டர் ரசீது, அரிசி பில், கரண்ட் பில் என்று ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார். மாதக்கணக்கில் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டிருந்தேன், அதில் ஒரு வார்த்தை வரவில்லை.

"சார், பௌர்ணமி மாசத்துக்கு ஒரு நாள்தாங்க" என்றேன்.

"தெரியும்மா. தினம் உங்க கடை வழியாத்தான் வாக்கிங் போறேன். மத்த நாள்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பீங்க."

"அப்புறம் ஏன் சார் அப்படி எழுதுனீங்க?"

"நீங்க வந்து சொல்லலையே."

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. கோப்பில் இல்லாததை அவர் எப்படி எழுத முடியும் என்று பொறுமையாக விளக்கினார். பையை நான் பிரிக்கவே இல்லை. ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை பாடு என்று நினைத்ததும் அழுகை வந்தது. அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். புது ஆர்டரில் வரி என்று வந்தது கட்டக்கூடிய தொகைதான்.

கடையைத் திறந்தேன். இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். மாவு பார்க்கிறவள் எதிர்க் கடையில் சேர்ந்திருந்தாள். கூப்பிடப் போனேன். போனவுடனேயே அவளிடம் அந்த அதிகாரியின் கதையை ஆரம்பித்துவிட்டேன், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மனுஷன் இப்படியும் செய்வானா என்று. அவள் உளுந்தைக் களைந்துகொண்டே கடைசி வரை கேட்டாள்.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா. சம்பளம் இல்லாட்டியும் இருந்திருப்பேன்" என்றாள்.

அந்த அதிகாரியாவது எனக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்.