சுடாத சாமி

மகேந்திரனுக்கு நாற்பத்தொரு வயது. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறார். புந்தோங்கில் குடியிருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால், வீடு புந்தோங்கை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறது. பிறந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குடும்பம் இங்கே வந்தது. கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதில் அந்த அடுக்குமாடியில் அவரை மிஞ்ச ஆளில்லை. நால்வர் அணியில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது அவர் பொறுப்பு.

சென்ற தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். மனைவி துளசியின் கழுத்தில் கட்டி. தைப்பூசம் முடிந்த வாரம் அறுவை சிகிச்சை. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். விரதத்தில் பிசகு வந்தால் அது துளசியைத்தான் தாக்கும் என்று அவர் நம்பினார். கவுச்சி இல்லை, மெத்தை இல்லை, செருப்பு இல்லை. எந்த உயிரையும் கொல்வதில்லை. விரதக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பதும் இல்லை. எல்லாருக்கும் அவர் சாமிதான்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு கைப்பேசிக் கடை நடத்திய போட்டியில் அவருடைய அணி இறுதிச் சுற்றுக்கு வந்தது. எதிரணி ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்காரர்கள்.

விரதத்தில் இருந்துகொண்டு விளையாட்டில் சுடலாமா என்று காவடிக் குழுவின் தலைவர் ராமையாவிடம் போய்க் கேட்டார்.

“பொம்மதானே சாமி, உயிரா போவுது?” என்றார் ராமையா. பிறகு சற்று யோசித்தார். “ஆனா சுடும்போது உங்க மூஞ்சிய பாத்திருக்கேன். அந்தக் கோவம் பொம்ம இல்ல லா.”

மகேந்திரன் விளையாட்டுக்குள்ளும் விரதம் இருப்பதென்று முடிவு செய்தார். திரையில் வரும் தம் உருவத்தின் பூட்ஸைக் கழற்றினார். இனித் துப்பாக்கி எடுப்பதில்லை. மருந்துப் பெட்டிகளைப் பொறுக்கிச் சுமந்து, அடிபட்டு விழும் கூட்டாளிகளை எழுப்பிவிடுவது மட்டுமே வேலை.

அணித் தலைவன் தீபன் தலையில் கைவைத்துக்கொண்டான். “சுடுறதுக்குத்தானே மச்சான் உன்ன வச்சிருக்கோம்!”

“சாமி,” என்று திருத்தினார் மகேந்திரன்.

“சரி சாமி. நீங்க சுடாட்டி நாங்க சாவோம் சாமி.”

“எழுப்பிவிடுறேன்.”

ஞாயிறு மாலை, அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் நால்வரும் உட்கார்ந்து ஆடினார்கள். மகேந்திரன் தரையில் துண்டு விரித்துச் சம்மணமிட்டிருந்தார். “சாமி, குனிங்க! சாமி, காப்பாத்துங்க!” என்ற கூச்சலைக் கேட்டு, அந்தப் பக்கம் போன ஓர் அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த விளையாட்டில் நச்சுப்புகை களத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டே வரும். புகையில் நிற்பவரின் உயிர் குறையும். மருந்து போட்டால் ஏறும். கடைசியில் கூட்டாளிகள் மூவரும் எழுப்ப முடியாதபடி விழுந்துவிட்டார்கள். எதிரணியிலும் ஒருவன்தான் மிச்சம். களம் முழுவதையும் புகை மூடியது. மகேந்திரன் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

“எங்கடா இருக்க? வெளிய வாடா பயந்தாங்கொள்ளி!” என்று கைப்பேசியில் எதிரியின் குரல் வந்தது.

“ஒங்க காலடில என் துப்பாக்கி கெடக்கு சாமி. அவன் தலை தெரியுது. ஒரே குண்டு லா!” என்று தீபன் கெஞ்சினான்.

மகேந்திரனின் விரல் துப்பாக்கிப் படத்துக்கு மேலே போய் நின்றது. பிறகு நகர்ந்து மருந்துப் பெட்டியை அழுத்தியது. மறுபடியும் மருந்து. மறுபடியும். அவரிடம் அது ஏராளமாக இருந்தது. எதிரியிடம் தீர்ந்துபோனது. அவன் அவரைத் தேடிக்கொண்டே புகையில் விழுந்தான்.

தீபன் அவரைக் கட்டிப்பிடித்தான். மகேந்திரனின் முகம் வெளுத்திருந்தது. “நான் கொன்னுட்டேனா?”

“புகைதான் லா கொன்னுச்சு!”

அது அவருக்குப் போதவில்லை. அங்கிருந்தே ராமையாவைக் கைப்பேசியில் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“கோவம் வந்துச்சா சாமி?”

“இல்ல. பயமாத்தான் இருந்துச்சு.”

“பயப்படலாம். வெள்ளிக்கிழம பூஜைக்கு வந்துருங்க.”

கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி போய்ச் சேர்ந்தது. துளசியின் கட்டி சாதாரணக் கட்டிதான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மகேந்திரன் இப்போது கோழி சாப்பிடுகிறார், மெத்தையில் படுக்கிறார், ஆட்டத்தில் பூட்ஸும் போட்டுக்கொள்கிறார். துப்பாக்கியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் துளசிக்கு மறுபரிசோதனை இருக்கிறதாம்.