அத்தானுக்குப் போட்ட இலை

அக்கா வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அத்தான் குவைத்தில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை மதியம் என்றால் அவருடைய முகம் அந்தச் சொம்பின் மேல்தான் சாய்ந்திருக்கும். முகம் என்றால் செல்போனில் தெரிகிற முகம். கோவில்பட்டியில் எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டுக்குப் போன ஆண்பிள்ளைகள் இப்படித்தான் சொம்பிலும் சீனி டப்பாவிலும் சாய்ந்துகொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்க்கிறார்கள், மாடி போடுவதைப் பார்க்கிறார்கள், பெண்டாட்டியோடு சண்டையும் போடுகிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அத்தான்தான் என்னைக் குவைத்துக்குக் கூட்டிப்போனவர். ஏசி ரிப்பேர் பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருவருக்கும் வேலை, ஒரே அறை, ஒரே அடுப்பு. அவரைக் கஞ்சன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஊருக்கு அனுப்புவதில் அப்படி ஒரு தாராளம். தன் வாய்க்கு மட்டும்தான் பூட்டுப் போட்டிருந்தார். எட்டயபுரம் ரோட்டில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. கையில் வருகிற ஒவ்வொரு தினாரும் அவர் கண்ணுக்குச் செங்கலாகத்தான் தெரிந்தது. செங்கலை யாராவது தின்பார்களா?

அவரோடு கடைக்குப் போவது ஒரு தனி வேதனை. பெரிய சூப்பர் மார்க்கெட், காய்கறிகளின் மேல் பூமாரி மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். முருங்கைக்காயை ஒடித்துத் துண்டாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஏதோ தங்கக்காப்பு மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தான் அதைக் கையில் எடுப்பார், மூக்கருகே கொண்டுபோவார், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். உதடு மட்டும் அசையும். தினாரை ரூபாயாக்கி முடித்ததும் சூடு பட்ட மாதிரி வைத்துவிடுவார். "ஏலே மாப்ளே, இந்தக் காசுக்கு நம்மூர்ல மரத்தையே வெட்டிக் குடுத்துருவான்லே" என்பார். வெண்டைக்காயிடமும் இதே பேச்சு, சீனியவரைக்காயிடமும் இதே பேச்சு. கடைசியில் உருளைக்கிழங்கும் பருப்பும் மலிவு குபூஸ் ரொட்டியுமாக அறைக்குத் திரும்புவோம். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச நாள் இப்படிக் கணக்குப் போடுவார்கள். பிறகு பசி அந்தக் கணக்கை மறக்கடித்துவிடும். அத்தானுக்கு மறக்கவே இல்லை.

ஒருநாள் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டார். "ஏட்டி, அங்கன முருங்கைக்காய் என்ன வெலை விக்கி?" அக்கா சொன்னாள். அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எனக்கும் சேத்து வாங்கி வையி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவுதான். போன்ல பாத்துக்கிடுதேன்" என்றார். நான் சிரித்தேன். கடையில் நின்ற மலையாளிப் பையன்கூடச் சிரித்தான். எல்லாம் அந்த 'எனக்கும் சேத்து' என்கிற சொல்லில்தான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் கேலிப் பேச்சு.

மறுநாள் அக்கா குழம்புச் சட்டியைப் போனுக்கு முன்னால் சாய்த்துக் காட்டினாள். அடுத்த வாரம் அத்தை, அதாவது அத்தானின் அம்மா, "எம்புள்ள சட்டியவா பாத்துக்கிட்டு இருக்கும்? மனுசனுக்குப் போடுத மாதிரி இலையப் போடுட்டி" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இலை. கரிசல் காட்டில் வாழை ஏது? ஏரல் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற இலைக்கட்டில் நல்ல தலைவாழையாகப் பார்த்து அத்தையே வாங்கி வருவாளாம். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், முருங்கைக்காய்ச் சாம்பார், எங்கள் காடுகளில் தானாகக் காய்க்கிற மிதுக்கங்காயை மோரில் ஊறப்போட்டுக் காயவைத்த வத்தல் என்று அத்தானுக்குப் பிடித்ததெல்லாம் அந்த இலையில் இருக்கும். அத்தான் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனைத் தலையணைமேல் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் ஒரு தட்டில் குபூஸும் பருப்பும். பார்த்துக்கொண்டே அதைத் தின்பார். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் சந்தோஷமாகத் தின்பார்.

கொஞ்ச காலத்தில் அந்தத் தட்டு இல்லாமல் போனது. அதை நான் உடனே கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் போனைப் பார்த்து, "சாம்பார்ல புளி தூக்கலா இருக்குட்டி" என்றார். அந்தப் பக்கம் அக்கா சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க எப்படிக் கண்டீங்க?" என்று கேட்டாள். அதற்குள் அவர் கண் துவையலுக்குப் போய்விட்டிருந்தது. இன்னொரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இருமினார். மூக்குக்கு முன்னால் கையை வீசி வீசி எதையோ விலக்கினார். அறையில் விலக்குவதற்கு ஒன்றுமே இல்லை. போனை வைத்த பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். எதையும் தொடாத கையை எதற்காகக் கழுவுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது அவர் ஏப்பம் விட்டார். வறுத்த மிதுக்கு வத்தல் வாசம் வந்தது. எங்கள் அறைக்குள் அந்த வத்தல் ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்கு முதுகு சில்லிட்டுப் போயிற்று. கம்பெனி ஏசி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏசிக்காரனுக்குத் தெரியாதா, அது எந்தச் சில்லிப்பு என்று.

"சாப்பிடுங்க அத்தான்" என்றால், "இப்பத்தானலே சாப்பிட்டேன், வயிறு கும்முன்னு இருக்கு" என்பார். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் பட்டினி, பிறகு சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. பசிக்கவில்லை என்பார். பொய் சொல்கிற முகமும் இல்லை அது. செலவு மிச்சம் என்று வேறு ஒரு சந்தோஷம். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் நான் லீவில் ஊருக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. முன்கூடமான பட்டாசலுக்குள் நுழைந்ததும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. அத்தானின் அப்பா, இறந்துபோன மாமாவின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, மெழுகித் துடைத்த தரையில் பித்தளைச் சொம்பு. அதில் சாய்ந்த போனில் அத்தானின் முகம். முகத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்த தலைவாழை இலை. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா குழம்பை ருசி பார்க்கக் கரண்டியைத் தூக்கியபோது, "வாயில வச்சிராத, அவன் இன்னுஞ் சாப்பிடல" என்று அதட்டினாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, மாமா படத்துக்கு ஏற்றிய பத்தியின் புகை சுருண்டு கீழே இறங்கிப் போன்மேல் படர்ந்தது. போனுக்குள் அத்தான் இருமினார். மூக்குக்கு முன்னால் கையை வீசினார்.

யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். அத்தான் சோற்றைப் பார்த்தார், துவையலைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அமாவாசைக்கு மாமாவுக்குப் படைத்துவிட்டுக் காத்திருப்போமே, அதே அமைதி. "போதும்மா, நெறஞ்சிட்டு" என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தை இலையைத் தூக்கினாள். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி உட்காருவது அந்த வீட்டு வழக்கம். அத்தை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "இவ ஒருநாளும் உக்கார மாட்டா. புருசன் எச்சிலு அம்புட்டு அருவருப்பு" என்று முணுமுணுத்தபடியே அத்தை இலையைப் பின்கட்டுச் சுவருக்குக் கொண்டுபோனாள். அமாவாசைக்குத் தொண்டை வற்றக் கத்தினாலும் எட்டிப் பார்க்காத காகங்கள், அன்று கூப்பிடும் முன்பே வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "பாத்தியாய்யா, எம்புள்ள வயிறு நெறஞ்சிட்டு" என்று அத்தை பூரித்துப்போனாள். ஒரு தாயின் சந்தோஷத்தைப் பார்த்து அப்படி நடுங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை. உயிரோடு இருக்கிற மகனுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அந்தப் பாசக்காரிக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் அக்கா தனியாகக் கேட்டாள். "நெசத்தச் சொல்லு. அவிய எப்படி இருக்காவ? போன்ல மூஞ்சிய மட்டும்தான் காட்டுதாவ." வேலைத் தளத்தில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி அத்தான் நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டை விட்டுக்கொண்டு வருவதையும் சொன்னேன். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, அவருடைய கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படியே போனா அவிய வீட்டுக்கு வர மாட்டாவ, இல்லையா?" என்றாள்.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, அத்தான் வழக்கம்போல் தலையணையில் போனை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். இலை போட்டாயிற்று, எல்லாம் பரிமாறியாயிற்று. அத்தானின் தாடை அசையத் தொடங்கியிருந்தது. அப்போது அக்கா அந்த இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இலையில் ஊற்றியிருந்த குழம்போடு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். "ஏட்டி! அது அவன் இலைட்டி! அவன் இன்னுஞ் சாப்பிடலையே!" என்று அத்தை அலறியது அறையெல்லாம் எதிரொலித்தது. அக்கா காதில் வாங்கவில்லை. போனை நேராகப் பார்த்தபடி ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது, அதையும் சேர்த்துத்தான் தின்றாள். இலையைத் தன் பக்கமாக மடக்கினாள். "இனி உங்களுக்கு இங்கன இலை கெடையாது. பசிச்சா அங்கன வாங்கித் தின்னுங்க. நான் போட்டுத்தான் திங்கணும்னா நடந்து வந்து உக்காந்து தின்னுங்க" என்றாள். போன் அணைந்துவிட்டது.

அத்தான் ரொம்ப நேரம் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மாதிரி பெரிய சத்தம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மாப்ளே, பசிக்குலே" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி, பயந்துபோய்ச் சொன்னார்.

கடைக்கு ஓடினோம். தண்ணீர் தெளித்த காய்களுக்கு நடுவில் அத்தான் அள்ளி அள்ளிப் போட்டார். முருங்கைக்காய், வெண்டைக்காய், சீனியவரைக்காய். ஒரு விலைச் சீட்டைக்கூடத் திருப்பவில்லை. பில்லைப் பார்த்து எனக்குத்தான் மாரடைப்பு வரும்போல் இருந்தது. அன்று அவர் தின்றதைப் போல ஒரு மனிதர் தின்று நான் பார்த்ததில்லை. "ஊரு ருசி இல்லலே" என்று அழுதார். அழுதுகொண்டே சட்டியையும் வழித்துத் தின்றார்.

வீட்டில் மேல்பூச்சு வேலை பாக்கி இருக்கும்போதே அத்தான் ஊருக்கு வந்துவிட்டார். அந்தச் சுவர்கள் இன்னும் பூசாமல்தான் நிற்கின்றன. இப்போது கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், தொப்பைகூடப் போட்டுவிட்டது. நானும் வந்து சேர்ந்துவிட்டேன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டில் அக்காவிடம், "அன்னைக்கு அம்புட்டுச் சோத்தையும் எப்படிக்கா தின்ன? அவ்வளவு கோவமா?" என்று கேலியாகக் கேட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொத வாய் கோவத்துலதான்லே வச்சேன். வச்சா, வாயில ஒண்ணுமே இல்ல. உப்பு இல்ல, புளி இல்ல, ஒறப்பு இல்ல. மென்னு துப்புன கரும்புச் சக்க மாதிரி இருந்துச்சு. அப்புறமா அதே கொழம்ப சட்டியில தொட்டு நக்கிப் பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு." உள்ளே சாப்பிடுகிறவரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நாம நெனச்சோம், அவிய வெறுமன பாக்குதாவன்னு. அவிய சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காவ. நான் உக்காரும்போதே ருசி அம்புட்டையும் எடுத்திருந்தாவ."

உள்ளேயிருந்து அத்தானின் குரல் கேட்டது. "ஏட்டி, கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அக்கா எழுந்து ஓடினாள். சட்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள்.