ஒத்தக்கோட்டாரின் வலது கை

மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் கூடத்தின் நடுவில் கண்ணை மூடி நிற்கிறார். வலது கை தன் பாட்டுக்கு எழும்புகிறது, தோள் உயரத்தில் சற்றுத் தயங்குகிறது, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலப் பக்கவாட்டில் ஒதுங்குகிறது.

"அண்ணே, முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. ஷட்டில் ஆடுறவங்க வெளிய காத்துக்கிட்டிருக்காங்க." வகுப்பு நடத்தும் அம்மாள், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் முடிச்சிட்டேம்மா. கைதான் இன்னும் முடிக்கல" என்கிறார், கண்ணைத் திறக்காமலே.

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வெட்டு மேசை அவருடையது. கடைத்தெருவில் அவர் பெயர் ஒத்தக்கோடு. கீறும் கட்டரின் சின்னச் சக்கரத்தைக் கண்ணாடியின் இந்த ஓரத்தில் வைத்தாரென்றால், ஒரே மூச்சில் அந்த ஓரத்தில்தான் எடுப்பார்; கீறல் நேராக இருந்தால்தான் கண்ணாடி நேராக உடையும். "நடுவுல தூக்கினவன் கெட்டான். போட்ட கோட்டு மேலயே மறுபடி இழுத்தவன் அவனைவிடக் கெட்டான்" என்பது அவருடைய வேதம். அந்தப் பழக்கம் மேசையோடு நிற்கவில்லை. கையெழுத்தைப் பேனா தூக்காமல் போடுவார். பாதிச் செய்தியில் பேப்பரை மடிக்க மாட்டார். "ஒரு வாய் ருசி பாருங்கன்னு கொடுத்தா, சட்டியைக் காலி பண்ணிட்டுத்தான் உப்பு கம்மின்னு சொல்வாரு" என்பாள் மனைவி.

தோள்வலிக்குத்தான் சீகுங் வகுப்பில் சேர்ந்தார். மூச்சு ஓடும் வேகத்தில் கைகளை ஏற்றி இறக்கும் சீனப் பயிற்சி. வலி குறைந்தது. மூன்றாம் வாரம், சொல்லாமலே கை அசைய ஆரம்பித்தது. அந்த அம்மாள் பதறவில்லை. சிலருக்கு அப்படி வரும், அடக்கவும் வேண்டாம், ஆளாக்கி வளர்க்கவும் வேண்டாம் என்றார். "நேரம் ஆனதும் மனசுக்குள்ள போதும்னு சொல்லுங்க. கையைத் தொப்புளுக்குக் கீழ வைங்க. மூணு மூச்சு. உள்ளங்கையைத் தேய்ச்சு முகத்தைத் துடைச்சுட்டுக் கிளம்புங்க. அப்பவும் அசைஞ்சா மறுபடி முதல்ல இருந்து பண்ணுங்க."

அங்கேதான் சிக்கல். பாதியில் நிறுத்துவது, மறுபடி செய்வது இரண்டும் அவர் மேசையில் கொலைக் குற்றம். அதனால் முடிக்கும் முறையை ஒரே ஒரு தடவை செய்வார். அதற்கும் அடங்காத அசைவை, அது தானாக ஓரம் சேரட்டும் என்று விட்டுவிடுவார். அதற்கு ஓரம் எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கை வகுப்பை விட்டு வெளியேயும் வந்தது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் சும்மா நின்றவரின் கை உயர்ந்தது. பஸ் நின்றது.

"ஏறுறீங்களா இல்லையா பெரியவரே?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார். டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"நீங்கதான் ஆட்டுறீங்க" என்றாள் மனைவி.

"நான் ஆட்டல."

"அப்ப யாரு ஆட்டுறது, பக்கத்து வீட்டுக்காரரா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தார். நின்றது. எடுத்தார். அசைந்தது. அசையுமோ என்று நினைத்ததால் அசைந்ததா, அசைந்த பிறகுதான் நினைத்தாரா? நினைக்காமல் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தார். அதுவும் நினைப்புத்தானே.

போன வாரம் இரண்டு கண்ணாடிகள் கோணலாக உடைந்தன. கடை முதலாளி வேறு யாருமல்ல, இவர் மனைவியின் தம்பிதான். மரியாதைக்காரர், அதனாலேயே சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மச்சான், இன்னொண்ணு போச்சுன்னா மேசைக்கு வேற ஆளைப் போடுறேன். நீங்க வீடு வீடா அளவெடுக்கப் போங்க. கோவிச்சுக்காதீங்க." கோபம் வரவில்லை. அளவு நாடாவும் கையுமாகத் தன்னை நினைத்துப் பார்த்தார்; அன்று மேசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இன்று காலை வந்தது நடனப் பள்ளிக்கான நிலைக்கண்ணாடி. ஏழடிப் பலகை, கடையில் அந்த அளவில் அது ஒன்றுதான். குறுக்கே மூன்றடிக் கோடு போட வேண்டும். மேசையின் எதிர்ப்பக்கம் முதலாளி அளவுகோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முகம் பார்க்கும் பக்கத்தில்தான் கீற வேண்டும். சக்கரம் கிளம்பியதும் கண்ணாடிக்குள்ளிருந்த கையும் கூடவே கிளம்பியது. பாதி தூரத்தில் முழங்கை இளகியது. எந்தக் கை முதலில் இளகியது, மேலே இருப்பதா, உள்ளே இருப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"மாப்ள..."

"தெரியுது மச்சான். ஓட்டிடுங்க, ஓட்டிடுங்க!"

ஓட்டவில்லை. கட்டரைத் தூக்கிவிட்டார்.

கண்ணாடியில் ஒன்றரை அடிக் கோடு அந்தரத்தில் நின்றது. முதலாளி கோட்டைப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தார். மச்சான் கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, "போதும்" என்று வாய்விட்டுச் சொன்னார். மூன்று மூச்சு. விரல்கள் அடங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தார். உள்ளங்கையைத் தேய்த்தார், முகத்தைத் துடைத்தார்.

"நின்னுடுச்சா மாப்ள?"

"என்னைக் கேட்டா? நின்ன மாதிரிதான் இருக்கு."

"எனக்கும் மாதிரிதான் இருக்கு."

மேசையைச் சுற்றி வந்து, எதிர் ஓரத்தில் சக்கரத்தை வைத்தார். இங்கிருந்து போகிற கோடு அந்தப் பாதிக் கோட்டை நேராகச் சந்திக்க வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் பலகை போச்சு, மேசையும் போச்சு.

முதலாளி ஒரு கையால் அளவுகோலை அமுக்கியபடி, மற்றக் கையின் இரண்டு விரல்களை, நாடி பார்ப்பவரைப்போல, மச்சானின் மணிக்கட்டில் பட்டும் படாமலும் வைத்தார். சக்கரம் நகர்ந்தது. விரல்கள் இரண்டும் கூடவே நகர்ந்தன.