ஐம்பத்தேழு மைல் புதுப் பந்து

காலை ஆறு மணிக்கு பெங்களூர் கலாசிப்பாளையத்தில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். தூரம் ஐம்பத்தேழு மைல், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். மடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் மெழுகுத் தாளில் சுற்றிய புதுக் கிரிக்கெட் பந்து.

சிரிக்காமல் கேட்கவேண்டும். நான் சம்பளத்துக்குப் பந்து போடுகிறவன். நூற்பாலைப் பேரேட்டில் பஞ்சுக் கிடங்கு குமாஸ்தா என்று இருக்கும். என்னை எடுத்தது மில் டீமுக்காக. அதிலும் நான் முதல் வரிசை ஆசாமி இல்லை. வேகமாக வீசுகிற இரண்டு பேர் பளபளக்கும் புதுப் பந்தை எடுத்து ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். அவர்கள் தோள் சோர்ந்து, எதிராளி அடித்து நொறுக்க ஆரம்பித்ததும் கேப்டன் சுற்றுமுற்றும் தேடுவார்: "நாகராஜ் எங்கேய்யா?" நான் எல்லைக்கோட்டிலிருந்து ஓடி வருவேன். என் கைக்கு வரும்போது பந்து தேய்ந்த செருப்பின் நிறத்தில் இருக்கும். இப்படிப் பதினெட்டு வருஷம்.

வயது நாற்பத்து நாலு. ஆட்டம் போதும், அடுத்த மாதத்திலிருந்து கிடங்கு வேலை மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேப்டன் சாமுவேல்தான் இரக்கப்பட்டார். "கிருஷ்ணகிரில மொத ஓவர் நீ போடு. பந்தையும் நீயே கொண்டா." அங்கே விளையாடப் போனால் ஒரு வழக்கம்: களத்தில் தென்னை நார்ப் பாய் விரிப்பது ஊர்க்காரர்கள், புதுப் பந்து கொண்டுவருவது விருந்தாளிகள். கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம்தான் பந்தைக் கொடுத்தார். டீம் மத்தியானமே லாரியில் போய்விட்டது. அதனால் ஞாயிறு காலை நானும் பந்தும் தனியாக.

ஏழேகால் மணி. அத்திப்பள்ளி தாண்டியதும் மைசூர் ராஜ்யம் முடிந்தது. சென்னை ராஜ்யத்து மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குடிக்காத நான் ஒருவன்தான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டில இன்னாய்யா?"

"பந்துங்க."

"பந்துக்கா இப்பிடி நடுங்குற?"

"அதைப் போடணுமேங்க."

போலீஸ்காரர் தாளைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு இறங்கிப் போனார்.

பிரித்த பந்தைத் திரும்பச் சுற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்படியொரு சிவப்பு. ஜன்னல் கம்பி அதில் வளைந்து தெரிந்தது, என் மூக்கும் பெரிதாகத் தெரிந்தது. யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி. இத்தனை வருஷமாக அறுபது கஜம் தள்ளி நின்று அடுத்தவன் கையில் பார்த்த பந்து.

ஏழரை மணிக்கு ஓசூர். கால் மணி நேரம் நின்றது. பந்தும் கையுமாக இறங்கி ஒரு அணா டீ குடித்தேன், குடித்ததாக ஞாபகம். மனத்துக்குள் முதல் ஓவரைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பந்தில் கால் தடுக்கி விழுந்தேன். இரண்டாவது பந்து நடுவர் தலையில் பட்டது. மூன்றாவது கையைவிட்டே போகவில்லை. சூளகிரியில் பஸ் சூடேறித் தண்ணீர் கேட்டு நின்றபோது, பாறை மலையைப் பார்த்தபடி ரோட்டோரம் நடந்து இன்னும் நாலு ஓவர் நாசம் செய்தேன்.

பர்கூர் போகிற புளி வியாபாரம் செய்யும் அம்மாள் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குருபரப்பள்ளி வந்தபோது கேட்டாள்: "ஏன் சாமி, இந்தப் பழைய பந்த எங்க எடுத்துனு போற?"

குனிந்து கையிலிருந்த பந்தைப் பார்த்தேன்; பளபளப்பு போய் மண்ணேறியிருந்தது. என் தொழில் புத்தி! பழைய பந்து போடுகிறவனுக்குச் சொரசொரப்பு இருந்தால்தான் விரல் பிடிக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும்போது பந்து வந்தால் மண்ணில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் திருப்பி எறிவேன். பயத்தில் மூளை கிருஷ்ணகிரியில் இருக்க, கை ஓசூர் மண்ணிலும் சூளகிரி மண்ணிலும் பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தைச் செய்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த ஒன்பது மைலும் வேட்டியால் துடைத்தேன். வேட்டிதான் சிவந்தது.

ஒன்பதே முக்கால். மைதானத்தில் சாமுவேல் பந்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார். "நாகராஜ், இத எங்கேய்யா விளையாடிட்டு வந்த?"

"பஸ்ல சார்."

வேறு பந்து அந்த ஊரில் கிடையாது. வேகப் பந்துக்காரர்கள் இருவரும் தொட மறுத்தார்கள். "இது அண்ணனோட பந்து, அண்ணனே போடட்டும்." ஆக, முதல் ஓவர் எனக்கேதான். ஆசைப்பட்டது கிடைத்தது; ஆசைப்பட்ட விதத்தில் இல்லை.

எதிரே நின்றவர் என் வயதுக்காரர், கட்டை மீசை. கால்காப்பின் வாரை இரண்டு முறை இறுக்கிக்கொண்டு ஆர்வமாக நிமிர்ந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது பந்து பாயில் பட்டு உள்ளே திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது. எல்லோரும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். எனக்குக் கைகள் இரண்டும் காலியாக இருப்பதுபோல இருந்தது.

மாலை ஐந்தரை. டீமின் லாரியில் இடமிருந்தும் பஸ்ஸில் ஏறினேன். கேலியைத் தாங்க முடியாது. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் அதே கட்டை மீசை. பெயர் கோவிந்தப்பன், குருபரப்பள்ளியில் சைக்கிள் கடை.

"நல்லா ஏமாத்திட்டீங்க சார். வேணும்னே பழசு கொண்டாந்தீங்களா?"

"ஆமாம்" என்றேன். நிஜம் அதைவிடக் கேவலமாக இருந்தது.

அவர் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானு எப்பவும் கடைசில எறங்குற ஆளுங்க. பத்தாவது, பதினொண்ணாவது. எனக்கு வர்றப்ப பந்து உரிஞ்சி போயிருக்கும். ஒரே ஒரு வாட்டி புதுப் பந்த ஆடிப் பாக்கணும்னு கேப்டன் கால்ல விழாத கொறை. இன்னைக்கித்தான் மொதல்ல அனுப்புனாரு."

என் ஆசையை மட்டும் தேய்த்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நானாவது ஓசூர் வரைக்கும் அதைக் கையில் வைத்திருந்தேன். இந்த மனிதர் பார்க்கக்கூட இல்லை.

"எப்பிடி சார் இருக்கும் அது, புதுசா?"

"குளிர்ச்சியா இருக்கும்" என்றேன். "வழுக்கும். மொகம் தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பஸ் குருபரப்பள்ளியில் நின்றது. இறங்கிப் போனவர் ஜன்னலருகே திரும்பி வந்தார்.

"அடுத்த தடவ வர்றப்ப புதுசே கொண்டாங்க சார். நானே மொதல்ல எறங்குறேன். நீங்களே போடுங்க."

அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் கிடங்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் உறுமியது.

"சரி, கோவிந்தப்பா" என்றேன்.