பேசும் ஆந்தையும் மானிட்டர் பேட்ஜும்

இன்று மத்தியானம் தேநீர் குடித்த வாய் இன்னும் கசக்கிறது. தேநீர் மேல் குற்றமில்லை.

தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் வீடியோவில் ஜப்பான் கார்ட்டூன் ஓடியது. பேசும் ஆந்தை ஒன்று சின்னப் பெண்ணிடம் மந்திரக்கோலை நீட்டியது. அவள் ஆசையாக வாங்கிக்கொண்ட பிறகுதான் நிபந்தனையைச் சொன்னது. கோலைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் அவளுடைய தோழி ஒருத்தி அவளை மறந்துவிடுவாளாம்.

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

பக்கத்து மேசையில் என் ஐந்தாம் வகுப்பு மாணவி செல்வி. எஸ்டேட்டிலிருந்து அம்மாவோடு டவுனுக்கு வந்தவள், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் பாக்காத லா, செல்வி. பச்சப் புள்ளய ஏமாத்தி வேல வாங்குது. சீ, என்ன பிறவியோ!" என்றேன்.

"நீங்களும் அப்படித்தானே சார் செஞ்சீங்க?"

"நானா?"

"மொதல்ல மானிட்டர் பேட்ஜ் குத்தி விட்டீங்க. அப்புறம்தான், பேசுறவங்க பேரெல்லாம் போர்டுல எழுதணும்னு சொன்னீங்க. நான் எழுதுனேன், நீங்க ரோத்தான் பிரம்பால அடிச்சீங்க. இப்ப யாருமே எங்கூட விளையாட மாட்றாங்க சார். கங்காணின்னு கூப்பிடுறாங்க."

"சாருகிட்ட என்னடி பேச்சு இது!" என்று அம்மா அவளைக் கிள்ளினார்.

நான் திரும்பி அந்த ஆந்தையைப் பார்த்தேன். அதுவும் என்னைப் போல மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.

இதை நம் ஆசிரியர் அறைப் பலகையில் குத்தி வைக்கிறேன். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். மற்ற ஆந்தைகளும் எழுதலாம்.