அம்மா போர்வை மடித்த படம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் போட்டோ அக்கா. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் நான்காம் கவுன்ட்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். "நேராப் பாருங்க. சிரிக்காதீங்க. நெத்தில விழுந்த முடிய ஒதுக்குங்க." ஒரு நாளைக்கு இருநூறு முறை இதைச் சொல்லியாக வேண்டும். வரிசையில் நிற்கும்வரை ஊர்வம்பு பேசிக் கலகலத்தவர்கள், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்டவர்களைப் போல விறைத்துப் போவார்கள். அந்த விறைத்த முகத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு "இது நானா?" என்று கேட்காதவர் கிடையாது. பக்கத்துக் கவுன்ட்டரில் கைரேகை எடுப்பவர், "பின்ன, உங்க பக்கத்து வீட்டுக்காரரா?" என்று அவளுக்காகப் பதில் சொல்லி அனுப்புவார்.

அவள் சினிமா படித்தவள் என்று அங்கே அந்தக் கைரேகைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். கல்லூரியில் ஒரே ஒரு குறும்படம் எடுத்தாள், அது சோதனைப் படம், அந்த வருடத்து முதல் பரிசு அதற்குத்தான் என்ற அளவுக்குத் தெரியும். "அப்புறம் ஏன் இங்க வந்து உக்காந்துட்டீங்க?" என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். "மாசமானா சம்பளம் வருதே" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

நடந்த கதை பரிசுக்குத் தகுந்த மாதிரி அவ்வளவு ஜம்பமானது அல்ல.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. கடைசி வருடம். படத்துக்கு அவள் வைத்திருந்த கதை இதுதான்: ஒரு பெண் பெரிய வெள்ளைப் போர்வையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிட மெதுவாக. நோட்டில் "காலம் மடிகிறது" என்று எழுதி இரண்டு அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். அந்த வயதில் யாருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றாது. நடிக்க ஆள் தேடி அலையவில்லை. அம்மா இருந்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு நானூறு போர்வை. நடு விளிம்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, ஆள் துணையில்லாமல் ஒற்றையாகவே மடித்துப் போடுவாள்.

"ஞாயித்துக்கிழமையும் போர்வையா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, எழுந்து போய்த் தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

கல்லூரி கேமராவை ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருந்தது. கூட உதவிக்கு யாரும் கிடையாது. வலது கையில் வயரோடு ஒரு ஸ்விட்ச், இடது கையில் ஜன்னல் வெளிச்சத்தை அம்மா முகத்தில் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. ஸ்விட்சை ஒருமுறை அழுத்தினால் கேமரா ஓடும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். முக்காலியில் கேமராவைப் பொருத்தும்போது அவள் முழங்கை பட்டு அந்த ஸ்விட்ச் ஒருமுறை அழுந்திவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. அங்கே பிடித்தது சனி. "ஸ்டார்ட்" என்று சொல்லி அழுத்தினாள், கேமரா நின்றது. "கட்" என்று சொல்லி அழுத்தினாள், கேமரா ஓடியது. நாள் முழுக்க இதே கதை. படம் எடுக்கப் படிக்கிற பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் வாய்க்காது. அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நின்றவளுக்கு, கேமராவுக்குள் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

அம்மாவும் அன்றைக்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை. அப்படித்தான் மகள் நினைத்தாள். "ஸ்டார்ட்" என்றால் மரக்கட்டை மாதிரி மடித்தாள். பாதியில் நிறுத்தி, "ஏய், அந்த..." என்று வாயெடுத்தாள். "பேசாதம்மா! படம் ஓடுது!" என்று மகள் கத்தினாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். "கட்" சொன்னதும் பார்த்தால் அம்மாவுக்கு உயிர் வந்துவிடும். மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள், நெற்றி முடியை ஊதித் தள்ளுவாள், பட்டன் விழுந்துவிட்டதென்று மேசைக்கடியில் குனிந்து தேடுவாள். "எல்லாத்தையும் கட் சொன்னப்புறம் பண்ணு" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்பதாவது முறை வரும்போது ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "கட்! ஒரு போர்வைய மடிக்கத் தெரியாதா உனக்கு? நாள் பூரா அதத்தான பண்ற? இதுக்குக்கூடவா லாயக்கில்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த அட்டையைச் சுவரில் சாய்த்து வைக்கப் போய்விட்டாள். அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் கல்லூரியில் டேப்பை ஓடவிட்டுப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மடிப்புக்கூட இல்லை. இருந்ததெல்லாம் நடுவில் வந்தவை. மணிக்கட்டைத் தேய்க்கும் அம்மா, மேசைக்கடியில் தேடும் அம்மா, முகம் காட்டாமல் கத்தும் இவள் குரல். கடைசியில் ஜன்னல் ஓரம் அம்மா. கன்னத்தில் கண்ணீர் வழிந்து மோவாய்வரை இறங்குகிறது. நாற்பது வினாடி.

படத்தை ஒப்படைக்க மூன்று நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், வேண்டுமென்றேதான் இப்படி எடுத்தேன் என்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒட்டி ஒன்பது நிமிடம் ஆக்கினாள். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி சேர்த்தாள்: "இதில் யாரும் நடிக்கவில்லை." பரிசு கொடுக்க வந்த தாடிக்காரப் பேராசிரியருக்கு அந்த வரியில் உச்சி குளிர்ந்துவிட்டது. "இயக்குநர் தன் குரலையே அதிகாரத்தின் குரலாக வைத்திருக்கிறார். மேசைக்கடியில் தேடுவது நம் எல்லோருடைய தேடல். அந்த நாற்பது வினாடியை எந்த நடிகையாலும் தர முடியாது" என்று மேடையில் பொரிந்து தள்ளினார். இவள் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டில் வந்து, "டேப் வீணாப் போச்சும்மா" என்று சொன்னாள்.

"ஐயையோ, உன் மார்க்கு?"

"வேற ஒண்ணு பண்ணிக் குடுத்துட்டேன்."

பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மாவை அழவைத்து அந்த அழுகைக்குப் பரிசு வாங்கியிருக்கிறோம் என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதன்பிறகு எப்போது கேமராவைக் கையில் எடுத்தாலும், "இதுக்குக்கூடவா லாயக்கில்ல?" என்ற தன் குரலே காதில் கேட்டது. இரண்டு வருடம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அடையாள அட்டைப் படத்துக்கு யாரையும் அழவைக்கத் தேவையில்லை. நேராகப் பார்த்தால் போதும்.

இப்படி இருபத்திரண்டு வருடம் ஓடிப்போனது. போன மாதம் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அவள் அலுவலகத்தில் இருந்தாள். அம்மாதான் எடுத்தாள். பழைய மாணவர் படங்களையெல்லாம் தூசு தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். இந்தப் படத்தையும் அவளுக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறார்களாம். எடுத்த அனுபவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். போன் பேசிய பெண், "அந்தப் படத்துல வர்ற அம்மா நீங்களா?" என்று வேறு ஆசையாகக் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வீணாப் போச்சுன்னு சொன்ன?" என்று அம்மா கேட்டாள்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவள் ஏதேதோ பூசி மெழுகினாள். டேப்பைப் பிறகு சரிசெய்திருப்பார்கள் என்றாள். கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை என்றாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரம் தலைவலி என்றாள். அம்மா எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த நாற்பது வினாடியைப் பார்த்தால் இத்தனை வருடம் கழித்து அம்மாவின் மனசு இன்னொரு முறை உடையும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டே பேர் இருக்கிற வீடு. முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது.

கல்லூரிக்கு எழுத வேண்டிய அந்த ஒரு பக்கமும் எழுத வரவில்லை. "இந்தப் படத்தை நான்" என்று ஆரம்பித்து நான்கு தாளைக் கசக்கிப் போட்டாள். கைரேகைக்காரர் குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காதல் கடிதமா?" என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தலை வாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "போடு" என்றாள். இனி சொல்ல ஒரு சாக்கும் பாக்கியில்லை. அவள் படத்தை டிவியில் போட்டாள். தான் உட்காராமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

ஒன்பது நிமிடமும் அவள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. நாற்பது வினாடி வந்து, போனது. அம்மா அசையவில்லை. கடைசியில் கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. அம்மா கழுத்தை நீட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதில்... யாரும்... நடிக்கவில்லை." படித்துவிட்டுத் திரும்பினாள். "யாரும் நடிக்கலையா? அப்ப நான் என்ன பண்ணேன்?"

அவளுக்குப் புரியவில்லை. "அதில்லம்மா... உனக்கே தெரியாம..."

"எனக்கா தெரியாது? கேமரா முன்னாடி செகப்பு லைட்டு எரிஞ்சா படம் ஓடுதுன்னு நீதான காலைல சொல்லிக் குடுத்த? நீ ஸ்டார்ட் சொன்னா அணையுது, கட் சொன்னா எரியுது. சொல்லலாம்னு வாயெடுத்தா பேசாத பேசாதன்னு கத்தற. சோதனைப் படம்னு வேற சொல்லிட்டியா, சரி, வேல செய்யறப்ப விட்டுட்டு சும்மா இருக்கறப்ப எடுக்கறதுதான் புது மாதிரி போலன்னு நெனச்சேன். லைட்டு எரிஞ்சப்பெல்லாம் நடிச்சேன்."

"மேசைக்கடியில தேடுனியே, பட்டன் விழுந்துச்சுன்னு?"

"எந்தப் பட்டன்? சும்மா உக்காந்திருந்தா பாக்கறவங்களுக்கு அலுப்பா இருக்காதா? அதான் தேடற மாதிரி பண்ணேன்."

தாடிக்காரரின் "நம் எல்லோருடைய தேடல்" நினைவுக்கு வந்து அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். மணிக்கட்டைத் தேய்த்தது? அதுவும் நடிப்புத்தான், வலி இருந்தது இடது கையில், வெளிச்சம் விழுந்ததோ வலது கையில், அதனால் அதைத் தேய்த்தாளாம். முடியை ஊதியது? அதைக் கண்ணாடியில் பார்த்து முன்னாடியே பழகி வைத்திருந்தாளாம். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு இறங்குவது போல அவளுக்கு லேசாகிக்கொண்டே வந்தது. எல்லாமே நடிப்பு. அப்படியானால் அதுவும் நடிப்பாகத்தான் இருக்க வேண்டும். அவள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப கடைசில ஜன்னல் பக்கம் அழுதது? அதுவும்தான?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அது நடிப்பில்ல" என்றாள். "நீ அப்படிக் கேட்டியா, அழுகை வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை, கையெல்லாம் வலி. பெத்த பொண்ணு வாயால அதைக் கேட்டா வராதா?"

அவள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

"தொடைச்சுக்கலாம்னுதான் கையத் தூக்கினேன்" என்றாள் அம்மா. "பாத்தா லைட்டு எரியுது. சரி, உன் படத்துக்கு ஆகட்டுமேன்னு தொடைக்காம விட்டேன்."

அவள் உடைந்துவிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். "மன்னிச்சிரும்மா" என்று சொன்னாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ போடு. நல்லாத்தான் நடிச்சிருக்கேன், பாக்கலாம்" என்றாள். "சத்தத்த மட்டும் கொறச்சு வை. நீ கத்தறது எனக்குக் கேக்க வேணாம்."