ஒரே ஊஞ்சலில் கல்யாணப்பெண்

இன்று மாலை பாறசாலைக்கு அருகே ஒரு சிறு பூங்காவில் பார்த்தது.

திருவனந்தபுரத்தில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு தம்பதி, நான்கு வயது மகளை ஊஞ்சலாட அழைத்து வந்திருந்தார்கள். அங்கே இருப்பது ஒரே ஊஞ்சல். அதன் சங்கிலியில் பூச்சுற்றி, அடுத்த வாரம் கல்யாணமாகப் போகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்று ஆட்டினார். போட்டோகிராபர் புல்லில் படுத்துக் கிடந்தார்.

"இப்ப முடியும் சேச்சி, ஒரு ஷாட் கூடி உண்டு" என்றார் அவர், குழந்தையின் அம்மாவிடம்.

அந்த ஒரு ஷாட் நீண்டுகொண்டே போனது. குழந்தை அழத் தொடங்கினாள்.

"வீட்டுல ஓடினா கீழ்வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவினும். இங்க வந்தும் காத்து நிக்கணுமா?" என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

கல்யாணப்பெண் கை நீட்டினாள். "வா மக்களே, மடியில இரி."

குழந்தை ஏறி உட்கார்ந்தாள். அழுகை நின்றது. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார்.

மாப்பிள்ளை பாய்ந்து வந்து மறைத்தார். "எலே, எடுக்காத! கல்யாணத்துக்கு முன்ன மடியில பிள்ளையோட போட்டோ இட்டா, சர்ச்சு சபையில என்ன சொல்லுவினும்?"

கல்யாணப்பெண் சிரித்துக்கொண்டே இறங்கினாள். குழந்தை இறங்கவில்லை. வெளிச்சம் போகும்வரை மணமக்கள் ஓரமாக நின்று காத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பூங்காக்களில் பிள்ளைகளைவிடக் கல்யாண ஜோடிகள்தான் அதிகம். உங்கள் ஊரில் ஊஞ்சல் யாருக்குக் கிடைக்கிறது?